போனில் போகாத வாடை

வியாழக்கிழமை மதியம் இரண்டரை ஆனால் இன்றும் என் கை தானாக மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த கடைசி வருடங்களில், அந்த நேரத்துக்குத்தான் வீடியோ கால் வரும். ஜாம்பியா, நேபாளம், நாங்கள் என்று பத்துப் பன்னிரண்டு நர்ஸுகள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க நாங்கள் செய்யும் பரிசோதனைப் படங்களைக் காட்டுவோம். ஜாம்பியாவிலிருந்து கிரேஸ் சிஸ்டர் பார்த்துத் திருத்துவார். அந்த வியாழக்கிழமைகளுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

பரிசோதனை எளிதுதான். நீர்த்த அசிட்டிக் ஆசிடைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகும். ஆசிடை அன்றன்றைக்குத் தண்ணீரில் கலந்து, கலந்தாயிற்று என்று பாட்டிலில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஒரு புதன்கிழமை தேர்வாய் கண்டிகை கம்பெனிப் பெண்களுக்குக் கேம்ப். பதினொரு பேர், எல்லோரும் நார்மல். "அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கம்மா" என்று அனுப்பினேன். பேக்கிங்கில் வேலை செய்யும் லட்சுமி, "அப்பாடா, அஞ்சு வருசத்துக்கு உங்க மூஞ்சில முழிக்க வேணாம் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் வீடியோ காலில் படங்களைப் பெருமையாகக் காட்டினேன். கிரேஸ் சிஸ்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"தடவும் முன்பும் பின்பும் ஒரே மாதிரி இருக்கிறதே. கோளாறு இல்லாவிட்டாலும் ஆசிட் பட்டால் லேசாகவாவது வெளிறுமே. நேற்றைய பாட்டில் இருந்தால் முகர்ந்து பாருங்கள்" என்றார்.

முகர்ந்தேன். ஆசிடின் காட்டமான வாடையே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஹெல்த் வொர்க்கர் கஸ்தூரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நீங்க இன்னும் கலக்கலன்னு நெனச்சிக்கினு நானும் தண்ணி ஊத்திட்டேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கலந்த பாட்டிலில் எழுதி ஒட்டாதது நான்.

என் மைக் ம்யூட்டில் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். போனில் வாடை போகாதே! அத்தனை நாட்டு நர்ஸுகள் முன்னால் மானம் போகும் என்று பயம். ஆனால் லட்சுமி சிரித்த சிரிப்பு மனசை விட்டுப் போகவில்லை. ஐந்து வருடத்தில் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம். மைக்கை ஆன் செய்து நடந்ததைச் சொன்னேன். கிரேஸ் சிஸ்டர் திட்டவில்லை. "எத்தனை பெண்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் நேபாள நர்ஸ் ஒருத்தி எழுந்துபோய்த் தன் பாட்டிலை முகர்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே பத்துப் பேர் திரும்ப வந்துவிட்டார்கள். லட்சுமி வரவில்லை. ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கே போய் அவளைப் பிடித்தேன்.

"இன்னா சிஸ்டர், நல்லாகீதுன்னு சொன்ன வாயாலயே திரும்ப வான்றீங்க? லீவு கேட்டா சூப்பர்வைசர் பேஜாரு பண்றான்."

"தப்பு என்னுதும்மா. மருந்து தண்ணியாப் போச்சு, மோந்து பாத்தப்பறம்தான் தெரிஞ்சுது. உன்ன நான் சரியாப் பாக்கல."

பஸ் படியில் வைத்த காலை எடுத்தாள். "தப்பு எங்களுதுன்னு ஆஸ்பத்திரில சொல்லி இப்பத்தான் கேக்குறேன். வர்றேன், போங்க."

வந்தாள். ஆசிடைத் தடவிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை தெரிந்தது. எங்கள் டாக்டர் பார்த்து, புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலை என்று சொல்லி, வெப்பக் கருவியால் அந்த இடத்தைச் சுட்டுச் சிகிச்சை முடித்தார். அடுத்த வருடம் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. கஸ்தூரியும் நானும் ஸ்டோர் ரூமில் போய் அழுதோம்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாட்டிலில் எழுதுங்கள். எழுத மறந்தால், மறந்துவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அடுத்த வருடம் தன்னைக் காட்ட வந்த அன்றே, லட்சுமி தன்னோடு பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேரைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தாள். முதல் பெண் படுக்கப் போகும்போது லட்சுமி என்னிடம் கையை நீட்டினாள்.

"இருங்க சிஸ்டர், அந்தப் பாட்டிலக் குடுங்க."

மூடியைத் திறந்து முகர்ந்து, மூக்கைச் சுளித்தாள்.

"ம், காட்டமாத்தான் கீது. நீ படுடி."