அண்ணைக்கு ஒரு கல்வெட்டு

எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். தேநீரோடு வடையும் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கூடுவோம். ஊரின் வரலாற்றைத் தொகுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எங்கே தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்ததில் காணி உறுதிப் பத்திரங்களும் படங்களும் போன இடம் தெரியவில்லை. வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கல்வெட்டுகளைச் சேர்ப்போம் என்றார் அவர்.

கல்வெட்டு என்றால் இங்கே கல் அல்ல. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். முன்னால் படம், அதன் கீழ் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பிறகு தேவாரங்கள், வம்சாவளி, நன்றி நவிலல். யார் மலாயாவுக்குப் போனார், எந்தக் கிணற்றை யார் வெட்டுவித்தார் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு வீட்டில் தொலைந்தது இன்னொரு வீட்டு அலுமாரியில் கிடக்கும். கேட்டதும் ஊர் அள்ளித் தந்தது. வேலிச் சண்டையில் அயலட்டம் முழுவதையும் கோர்ட்டுக்கு இழுத்த மனிதரும் தன் கல்வெட்டில் அன்பே உருவானவர்தான். வாசித்து வாசித்துச் சிரித்தோம்.

நூலகத்தில் வேலை செய்கிற எனக்குத்தான் அவற்றைக் குடும்பவாரியாக அடுக்கும் பொறுப்பு. எங்கள் குடும்பத்துக் கட்டுக்குள் அப்பப்பாவும் அப்பாவும் இருந்தார்கள். அண்ணை இல்லை. யுத்த காலத்தில் விசாரணைக்கென்று கூட்டிப்போன அண்ணையைப் பிறகு நாங்கள் காணவில்லை. எங்கே போய்க் கேட்டும் பதில் இல்லை. நான் பெண்பிள்ளை; அப்பாவுக்கு அவருடைய தம்பியின் மகன், பெறாமகன் ஒருவன்தான் கொள்ளி வைத்தான். அப்போதுகூட, மூத்தவன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அம்மாவின் கவலையாக இருந்தது.

கல்வெட்டுகளை மேசைகளில் பரப்பிக் கண்காட்சி வைத்தபோது அம்மாவை வரவேண்டாம் என்றேன். வெயில், சனம், முழங்கால் வலி என்று காரணங்களை அடுக்கினேன். அம்மா ஓட்டோ பிடித்து வந்துவிட்டார்.

ஒன்றையும் அவர் வாசிக்கவில்லை. மேசை மேசையாகப் போய்ப் படங்களை மட்டும் தொட்டுப் பார்த்தார். அண்ணையைவிட இளைய பெடியன்களின் படங்களும் அங்கே இருந்தன. எங்கள் கட்டுக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு நேரே மாஸ்டரிடம் போனார். ஊரில் திதி வெண்பா எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான்.

“மாஸ்டர், என்ரை மகனுக்கும் ஒரு வெண்பா எழுதித் தாறியளே?”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வாசல் படலைச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார் என்று என்னைத் துரத்தியவர், அண்ணை இருக்கிறார் என்று என்னையும் நம்பவைத்தவர், இப்படிச் சனத்துக்கு நடுவில் வைத்து எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறாரே! அந்த நிமிடம் அம்மாவை நான் வெறுத்தேன். வீட்டில் போய்க் கதைப்போம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. தானும் போய்விட்டால், இந்த ஊரில் இப்படி ஒருவன் பிறந்து வளர்ந்தான் என்று சொல்ல ஒரு ஒற்றைத் தாள்கூட இருக்காது என்றார். மற்றப் பிள்ளைகளெல்லாம் இங்கே இருக்கத் தன் பிள்ளை மட்டும் ஏன் வெளியில் நிற்க வேண்டும் என்று கேட்டார். நான் பிடித்த கையை விட்டேன்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதமும் பட்சமும் திதியும் தெரியாமல் அந்த வெண்பாவை எழுத முடியாது. அதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறினார். கடைசியில், கூட்டிப்போன நாளை வைத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டார்.

“அண்டைக்கு அவன் உயிரோடைதான் போனவன்,” என்றார் அம்மா. “இண்டையத் திதியைப் போடுங்கோ மாஸ்டர். அவன் இல்லையெண்டதுக்கு இண்டைக்குத்தானே நான் ஓம் எண்டனான்.”

மாஸ்டர் என்னிடம் பஞ்சாங்கம் கேட்டார். உள்ளே போய் எடுத்து வந்து விரித்தேன். கண்ணீரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அம்மாதான் அதை என் கையிலிருந்து வாங்கி, அன்றைய பக்கத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார்.