பெற்றவளின் குடி

வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டு, வாயைத் துடைத்த பிறகுதான் அந்த மனுசி கேட்டாள். என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா அவள்.

“புள்ளைட தாய் என்ன குடி?”

என் மனைவி தன் குடியைச் சொன்னாள்.

“உங்கட குடிய நான் கேக்கல்ல. பெத்தவட குடி.”

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. இந்துக்களும் இப்படித்தான், முஸ்லிம்களும் இப்படித்தான். தலைமுறைகளாக வேதக்காரராக இருக்கும் நாங்களும் இப்படித்தான். ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் தலைமயிரை மட்டும் நனைத்துவிட்டுப் போயிருக்கிறது.

என் மகளைப் பெற்றவள் யாரென்று எவருக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு பள்ளிக்கூட முகாமில், யாரோ ஒரு பெண்ணின் மடியில் கிடந்த கைக்குழந்தை அவள். தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. நீதிமன்றம் போய் முறைப்படி எடுத்து வளர்த்தோம். அவளுக்குப் பல் முளைத்ததும் எங்கள் வீட்டில், அம்மை போட்டதும் எங்கள் வீட்டில். சபையில் இது தெரியாத ஆள் இல்லை. அந்தப் பெரியம்மாவுக்கும் தெரியும்.

“தெரியாட்டி எப்பிடி? அது எங்கட குடிப் புள்ளையா இருந்தா? அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா முடிச்சி வைக்கிற? மறுகா சொல்லுறம்.”

எழுந்து போய்விட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் விரும்பித்தான் இந்தப் பேச்சே தொடங்கியது. ஆனால் மாப்பிள்ளை செருப்பு மாட்டுவதிலேயே கண்ணாக இருந்தான். என் மகள் கட்டியிருந்த மருதமுனைச் சேலையைக்கூட மாற்றாமல் குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். எனக்கு அவர்கள் ஏறிப்போன வான் வண்டிக்குக் கல்லெடுத்து எறிய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என்னோடு படிப்பிக்கும் சாய்ந்தமருது முஸ்லிம் நண்பரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தலையில் கை வைத்தார்.

“எங்கடயிலதான் குடி குடியெண்டு சாகிறாக. நீங்க தப்பிட்டீங்க எண்டெல்லுவா நான் நெனச்சன், சேர்!”

அடுத்த ஞாயிறு, கிறிஸ்மஸுக்கு முந்திய ஆராதனை. அன்றைய வாசிப்பு இயேசுவின் வம்ச வரலாறு. வாசிக்க எழுந்தவர் மாப்பிள்ளையின் தகப்பன்! இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று, வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் ஓரிடத்திலும் தடக்காமல், தன் சொந்தப் பரம்பரையை ஒப்புவிப்பவர்போல வாசித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தனை தகப்பன்மாருக்கு நடுவே நாலைந்து பெண்கள்தான் வருகிறார்கள். ஒருத்தி மாமனாருக்குப் பிள்ளை பெற்றவள். ஒருத்தி எரிகோவில் வேசியாக இருந்தவள். ஒருத்தி மோவாபிலிருந்து மாமியாரின் பின்னால் வந்த விதவை, அந்நிய சாதி. இன்னொருத்தியின் பெயரைக்கூடச் சொல்லாமல், வேறொருவனின் மனைவியாக இருந்தவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இவர்களில் ஒருத்தியையாவது அந்தப் பெரியம்மா வாசற்படி ஏற விடுவாளா? கடைசியில் வருகிறார் தச்சன். அதுவரை எல்லா ஆணுக்கும் ‘பெற்றான்’ போட்ட வேதம் அவருக்கு மட்டும் போடவில்லை. மரியாளின் புருஷன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இயேசுவைத் தாவீதின் குமாரன் என்று நாங்கள் தொண்டை கிழியப் பாடுகிறோமே, அந்த உரிமை பெறாமல் வளர்த்த இந்த மனிதர் வழியாகத்தானே வருகிறது?

ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து மாப்பிள்ளையின் தகப்பனை மறித்தேன்.

“நல்லா வாசிச்சீங்க. கடைசியா வந்தவர் பெத்தவரா, வளத்தவரா?”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் தோளைத் தட்டினார்.

“சேர், அது வேதம். இது குடும்பம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

அந்தக் கையைத் தட்டிவிட்டு வந்தேன். இத்தனை வருடம் இந்த மனிதர்களோடு ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்தேனே!

கிழமை முடிவதற்குள் போதகர் வீட்டுக்கு வந்தார். சமாதானம் செய்து வைக்கிற முகம். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மெல்லிய குரலில் கதைத்தார்.

“அவங்க இறங்கி வாறாங்க. நீங்க ஏதாவது ஒரு குடியச் சொல்லிடுங்க. அவங்கட குடியா இல்லாமப் பாத்துக்கொண்டாச் சரி. முகாமில ஆரோ சொன்னதெண்டு சொல்லலாம். ஆர் போய்த் தேடப் போறா?”

பிரசங்கபீடத்தில் நின்று பொய் சொல்லாதே என்று போதிக்கிற வாய் அது. நான் எழுந்து கத்த வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் கண்ணில், கல்யாணம் நடந்தால் போதும் என்கிற கெஞ்சல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம்.

அதற்குள் மகள் தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

“ஐயா, என்னப் பெத்த அம்மாவக் கடல் கொண்டுபோயிட்டு. அவட பேர் எனக்குத் தெரியா, முகம் தெரியா. அவவுக்கு ஏதோ ஒரு குடி இருந்திருக்கும். இப்ப நான் பொய்யா ஒண்டச் சொன்னா, அப்பிடி ஒருத்தி இருக்கவே இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. அத மட்டும் என்னால ஏலா.”