மதியச் சிரப்

எங்கள் மகளுக்கு மூன்று வயது. எனக்கு நாற்பத்தேழு. பிந்திப் பிறந்த பிள்ளை. சிதம்பரத்தில் மழலையர் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து அவளைச் சளி விட்டபாடில்லை. மூக்கொழுகல் நின்றால் இருமல், இருமல் நின்றால் வீசிங். ஒருமுறை மூச்சு இழுத்து உதடு நீலமாகிவிட்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து நெபுலைசர் வைத்தார்கள். இன்னொரு முறை அப்படி ஆகவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

எதிர்ப்புச் சக்திக்கென்று பெற்றோர் பலர் சிரப் வாங்கிப் பள்ளியில் கொடுத்திருந்தோம். அதைப் பற்றியும் அவரிடம் கேட்டேன்.

"அத குடிச்சா சளி புடிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். கொழந்தைங்க கூடுற எடத்துல சளி சுத்திக்கிட்டேதான் இருக்கும். அங்க கை கழுவுறாங்களா, மொதல்ல அத பாருங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், மகள் தானாகச் சுவரோரம் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். அப்படியே இருந்தாள்.

"என்னாடி இது, குருவிக்குஞ்சாட்டம்?" என்று மனைவி சிரித்தாள்.

நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை.

"எனக்கு பயமா இருக்குதுங்க. எழுப்புங்க."

தோளைத் தொட்ட பிறகுதான் வாயை மூடினாள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தெருமுனை வரை கேட்கும் கூச்சல் அன்று இல்லை. விடுமுறையோ என்று நினைத்தேன். கதவு திறந்திருந்தது.

உள்ளே பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்களும் மூடியிருந்தன. எல்லாருடைய வாய்களும் திறந்திருந்தன. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், அடைத்த மூக்குகளின் கொறகொறப்பு மட்டும். ஒரு முகமும் என் பக்கம் திரும்பவில்லை.

ஆயாம்மா ஒரு பெரிய ஜாடியோடு நகர்ந்துகொண்டிருந்தார். கையில் ஒரே ஸ்பூன். அது ஒரு வாய்க்குள் போனது, ஜாடிக்குள் போனது, அடுத்த வாய்க்குள் போனது.

"எல்லாருக்கும் ஒரே ஸ்பூனா, ஆயாம்மா?"

"ஆமா சார். சில பேரால பாட்டில் வாங்கித் தர முடியல. ஒருத்தருக்கு ஊத்தி ஒருத்தருக்கு ஊத்தலன்னா புள்ள ஏங்கிப்போவுது. அதான் எல்லாத்தயும் ஒண்ணா கலந்துட்டோம். கண்ண மூடிக்கிட்டா எனக்கு கம்மி, ஒனக்கு ஜாஸ்தின்னு சண்டையே இல்ல. பாருங்க, என்னா சமத்து!"

சொன்னபடியே, என் மகளுக்கு முந்தைய பிள்ளைக்கு ஊற்றினார். அந்தப் பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. வாயிலிருந்து வெளியே வந்த ஸ்பூனில் சளி நூலாக நீண்டது. ஸ்பூன் ஜாடிக்குள் இறங்கி ஏறியது. என் மகள் இன்னும் அகலமாக வாயைத் திறந்தாள்.

குறுக்கே கையை நீட்டினேன். சிரப் என் புறங்கையில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

மகள் கண்ணைத் திறந்து, யாரோ என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்பூனைப் பார்த்து வீறிட்டாள். "எனக்கு! எனக்கு!"

"பாத்தீங்களா, எப்பிடி ஏங்குது!" என்றார் ஆயாம்மா.

சத்தம் கேட்டு வந்த டீச்சர் சமாதானம் சொன்னார். "நாளையிலேர்ந்து பாப்பாவுக்கு தனி ஸ்பூன் வெச்சிடறோம் சார்."

"ஜாடி?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. வரிசையில் மிச்சமிருந்த பிள்ளைகள் இவ்வளவு சத்தத்திலும் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். திமிறி அழுதாள். சமாதானப்படுத்தத் தோன்றவில்லை. காதை அவள் முதுகில் வைத்து, இரண்டு அழுகைகளுக்கு நடுவே மூச்சு எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.