மதினியின் வலது கை உறை

காலையில் நான் வேலைக்குப் போனால் பதினொரு மணிக்கெல்லாம் விரட்டிவிடுவார்கள். ஹாம்பர்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் எனக்கு வேலை. காரட் பாதி நறுக்கியிருப்பேன், சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் மேலாளர் ஃப்ராவ் பிராண்ட் பின்னால் வந்து நின்று கடிகாரத்தைக் காட்டுவார். "ஃபையராபென்ட்" என்பார். இன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கோட்டையும் தானே எடுத்து வந்து நீட்டுவார். மற்ற எல்லாரும் வேர்க்க விறுவிறுக்க மதியச் சாப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வருவேன். கூட வேலை செய்கிறவர்கள் கையசைத்து வழியனுப்புவார்கள். அதுதான் இன்னும் கூச்சமாக இருக்கும்.

இது இந்த நாட்டு ஏற்பாடு. பெரிய நோயில் விழுந்து எழுந்தவர்களை எடுத்தவுடனே முழு வேலையில் தள்ள மாட்டார்கள். முதலில் கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். உடம்பு முரண்டு பிடித்தால் மறுபடி குறைப்பார்கள். இதற்கு வீடர்ஐன்கிளீடருங் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி வேலை நேரம் போய்விடும். எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பை எடுத்து, மருந்தேற்றி, எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது இதையெல்லாம் யாரோ விளக்கத்தான் செய்தார்கள். சமையல்கட்டுப் பேச்சு புரியும், அந்த ஆபீஸ் ஜெர்மன்தான் எனக்கு ஏறவில்லை. முதல் நாள் ஃப்ராவ் பிராண்ட் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னதும், பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். கோவில்பட்டிக்காரிக்கு முதலாளி வேலை நடுவில் வீட்டுக்குப் போ என்றால் ஒரே அர்த்தம்தான். நாளைக்கு வரலாமா, வரலாமா என்று தேம்பித் தேம்பிக் கேட்டேன். அவர் எனக்கு ஏதோ வலி என்று நினைத்துக்கொண்டு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, டாக்சியை வரவழைத்துவிட்டார். இந்த அழுகையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் வைத்திருக்க வேண்டிய நானே மறந்து தொலைத்தேன்.

வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் ரேஹா என்று ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். உடம்பைத் தேற்றுகிற இடம். பெண்களை வட்டமாக உட்கார வைத்துப் பேரையும் பார்க்கிற வேலையையும் சொல்லச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே நோய், அதனால் நோயை யாரும் கேட்கவில்லை. ஒருத்தி பஸ் ஓட்டுகிறவள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோள் இழுக்கிறதாம், டிப்போவில் வேறு வேலை கேட்டிருக்கிறாள். ஒருத்தி முடி வெட்டுகிறவள். கையை உயரத் தூக்க முடியாததால் வாடிக்கையாளரைக் குட்டி முக்காலியில் உட்கார வைத்து வெட்டுகிறாள். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர், தன் வகுப்புப் பிள்ளைகளிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இன்னொருத்தி வக்கீல். அவள் மட்டும் அலுவலகத்தில் மூச்சுவிடவில்லை. கோர்ட்டில் நிற்கும்போது தன்னை நோயாளியாக யாரும் பார்ப்பது பிடிக்காது என்றாள். என் முறை வந்தது, சமையல்கட்டு என்று சொல்லி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மதினி ஞாபகம் வந்தது. அந்த வட்டத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.

மதினி சண்முகக்கனி என் அண்ணன் மனைவி. எனக்கு வந்த சில மாதத்தில் அவளுக்கும் வந்தது, வலது பக்கம். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது. கடைசியில் இந்தச் சம்பந்தம்தான் வாய்த்தது. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் அவளுக்கு வேலை. வெல்லப்பாகில் கடலையைக் கொட்டிக் கிளறிப் பலகையில் சரிப்பார்கள். சூடு ஆறுவதற்குள் உருட்டுக்கட்டையால் பரத்தி மட்டமாக்க வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் கல்லாகிவிடும். அந்தப் பலகைக்கு அவள்தான் ராணி. மதுரையில் ஆபரேசன் முடிந்து உடம்பு தேறியதும் அவள் திரும்பிப் போனது அதே பலகைக்குத்தான். ஆனால் என்ன ஆபரேசன் என்று அண்ணனையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தாள். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு நடக்கிற ஆபரேசன் அது, மேற்கொண்டு யாரும் துருவ மாட்டார்கள். மருந்தில் முடி கொட்டத் தொடங்கியதும் திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து நேர்த்திக்கடன் என்றாள். முருகனையே பொய்சாட்சிக்கு இழுத்த கெட்டிக்காரி.

ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு இங்கே இன்சூரன்சில் சிலிக்கோன் மார்பு கொடுத்தார்கள். அவள் பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்து, எடைக்காக ஒரு கை கம்பு தானியத்தைப் போட்டுக் கட்டிக்கொண்டாள். அடுப்பு வெக்கையிலும் வேர்வையிலும் கம்பு முளைவிட்டுவிட்டது. "ஏட்டி செல்வி, மழை இல்லன்னு ஒங்க அண்ணன் காட்டைத் தரிசாப் போட்டுட்டாவ. நான் நெஞ்சுல வெள்ளாமை பண்ணுதேன்" என்று போனில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு என்னுடைய சிலிக்கோனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எதையோ பந்தியில் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்ட மாதிரி இருந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவளுக்கு ஒரு கை உறை வாங்கிக்கொண்டு போனேன். மார்பை எடுக்கும்போது அக்குளிலும் கத்தி வைப்பதால் சிலருக்கு அந்தப் பக்கத்துக் கையில் நீர் கோத்து வீங்கும். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கிப் பிடிக்கிற உறை போட்டால் வீக்கம் கட்டுப்படும். எனக்கு இடது கைக்கு, அவளுக்கு வலது கைக்கு. நேரில் பார்த்தால் அவளுடைய வளையல் சதைக்குள் புதைந்து கிடந்தது. சூடும் பாரமும் ஆகாத கையில் பாகு தெறித்த தழும்பு. உறையைத் தடவிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். போட்டுக்கொண்டு போனால் என்ன ஏது என்று கேட்பார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஊரில் எல்லாம் தப்பு, நமக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற திமிர். எனக்கும் அது இருந்திருக்கிறது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனி முதலாளி அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். அவர் எங்கள் அப்பா காலத்துப் பழக்கம், தங்கமான மனிதர். நோயின் பெயரைச் சொன்னேன், கையைப் பற்றிச் சொன்னேன். உருட்டுப் பலகை வேண்டாம், உட்கார்ந்து பாக்கெட் போடுகிற வேலை கொடுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக அனுப்புங்கள் என்று கேட்டேன். ஹாம்பர்க்கில் எனக்கு எப்படியெல்லாம் செய்கிறார்கள் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளும் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லையே என்று உருகிப்போனார். நான் ஏதோ சாதித்துவிட்ட நினைப்பில் பஜாரில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சியே ஆப்பிளும் சத்துமாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மதினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீ ஒன்னும் செய்ய வேண்டாம் தாயி. வீட்டோட இருந்து ஒடம்பைப் பாரு. என்ன வேணும்னாலும் எங்கிட்ட கேளு" என்றார்.

மதினி முதலில் என்னைத்தான் பார்த்தாள். பிறகு, உடம்புக்கு ஒன்றுமில்லை, எப்போதும் போல வருகிறேன் என்றாள். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, தின்கிற பொருள் பாரு, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். நான் குறுக்கே விழுந்து, இது ஒட்டுகிற நோயே இல்லை என்று கத்தினேன். "எனக்குத் தெரியும்மா. வாங்கித் திங்கிறவனுக்குத் தெரியணும்லா" என்றார். அவர் குரலில் துளி கெட்ட எண்ணம் இல்லை. திட்டுவதற்குக்கூட எனக்கு ஒருத்தரை மிச்சம் வைக்காமல் போய்விட்டார். அன்றைக்கே அந்தப் பலகையில் வேறு பெண் நின்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது என் சொந்த மதினியின் கழுத்தை. அவள் அன்றைக்கு முழுக்க வீட்டு வேலையை இழுத்துப்போட்டுச் செய்தாள். சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அங்கன சொன்னா ஒனக்கு வேலையைக் குறைப்பாவ. இங்கன சொன்னா எனக்கு வேலையே இருக்காது. இது ஒனக்குத் தெரியாதா? நீயும் இந்த ஊருலதானட்டி பொறந்த?" துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பலகை முன்னால நிக்கும்போது மட்டுந்தான் நான் சீக்காளி இல்ல. அதையும் பறிச்சிட்டியே."

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போ என்ற வார்த்தைக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது. ஓர் அந்நிய நாட்டுச் சமையல்கட்டில் நின்றபோது தெரிந்தது, ஊருக்கு வந்து நின்றபோது தெரியாமல் போனது. ரேஹாவில் பார்த்த அந்த வக்கீலின் மௌனம் புரிந்த எனக்கு மதினியின் மௌனம் பட்டிக்காட்டு அறியாமையாகத் தெரிந்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல. நான் கிளம்பிய அன்று மதினி புளியோதரை கட்டிக் கொடுத்தாள், ஸ்டேசன்வரை வந்து ரயிலேற்றிவிட்டாள். ஹாம்பர்க் வந்து பெட்டியைத் திறந்தால் சேலைகளுக்கு நடுவில் அந்தக் கை உறை இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

இப்போது அவள் விளாத்திகுளம் பக்கம் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிற ஒரு வத்தல் கிட்டங்கிக்கு வேலைக்குப் போகிறாள். மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற வேலை. விடிந்தும் விடியாமலும் பஸ் ஏற வேண்டும், சாயங்காலம்வரை நெடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், கை முன்னைக்கு இப்போது அதிகமாக வீங்குகிறது என்று அண்ணன் சொன்னான். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. மறுபடியும் கர்ப்பப்பை ஆபரேசன் என்றே சொல்லியிருக்கிறாளாம். போன வாரம் போனில் எப்போதும் போலத்தான் பேசினாள். காட்டில் பருத்தி போட்டிருப்பதைச் சொன்னாள், என் கையை விசாரித்தாள். வைக்கப்போகும்போது, "வார பொங்கலுக்கும் வந்துரு செல்வி. விளாத்திகுளம் பக்கம் மட்டும் வந்துராத" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்று காலையில் என் இடது கைக்கு உறையை மாட்டினேன். பிறகு அலமாரியைத் திறந்து மதினியின் உறையை எடுத்து, ஒரு கோளாறும் இல்லாத என் வலது கையில் மாட்டிக்கொண்டேன். ஏன் மாட்டினாய் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கைக்கும் கொஞ்சம் இறுகட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். சமையல்கட்டில் ஃப்ராவ் பிராண்ட் பார்த்துவிட்டு முகம் வெளிறிப் போனார். அந்தக் கையுமா என்றார். இது என் மதினியுடையது என்றேன். அவர் புரியாமல் என்னையே பார்த்தார். ஒரு சின்னப் பொய்யைத் திறந்து காட்டியதில் ஒருத்தியின் வேலை போன கதையை எந்த ஜெர்மனில் சொல்வேன்? ஆமாம், இந்தக் கையும்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியை வாங்கி வைத்தார், தோளைத் தட்டிக் கொடுத்தார், கோட்டை எடுத்து வந்தார். நாளை முதல் இன்னும் சீக்கிரம் போய்விடலாம் என்றார். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. இரண்டு கையிலும் உறையோடு, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல், பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ஊரில் இந்நேரம் அவள் வெறுங்கையால் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள்.