பூ வைக்கும் முன் அவள் கேட்ட கேள்வி

போன வருடம் ஆவணி மாதம், மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்தது இது. நான் மொழியியல் ஆராய்ச்சி மாணவி. நாக்கும் உதடும் சேர்ந்து ஒலிகளை உண்டாக்குவது போல, சைகை மொழியில் விரல்களின் வடிவமும் அசைவும் எப்படிச் சேர்ந்து சொல்லாகின்றன என்பதுதான் என் ஆய்வு. அதற்காக, பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் காது கேளாத ஒரு பெண்ணை வாராவாரம் வீடியோ எடுத்து வந்தேன்.

வம்பு இங்கேதான் ஆரம்பம். விரல் எப்படி மடங்குகிறது என்று கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தெரியுமே தவிர, அவள் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதிகூடப் புரியாது; புரிந்த மாதிரி தலையாட்டி வைப்பேன். சைகை மொழி தெரியாத அவள் வீட்டாரோ நான் அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவள் என்று நம்பிவிட்டார்கள். பேரையூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த அன்று என்னையும் நடுவில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும்.

காபி குடித்ததும், நல்ல நேரம் போவதற்குள் பூ வைக்க வேண்டும் என்று ஒரே அவசரம். அவள் தாய்மாமன், "புள்ளைக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்த கேட்ரும்மா" என்றார். கேட்டேன். அவள் கைகள் படபடவென்று என்னவோ சொல்லின. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அம்மா என் காதோரம் குனிந்து, "சரின்னு சொல்லிரு தாயி" என்றார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். 'சரி' என்று நான் சொன்னால் அவள் கல்யாணம் முடிவாகிவிடும்.

"எனக்கு வெளங்கலை, இன்னொரு தடவை கேக்கணும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். இந்த முறை புரிந்தது. "அவரு கையால பேசப் பழகுவாரான்னு கேக்குறாங்க" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மாமன் முந்திக்கொண்டு, "அதெல்லாம் போகப் போகப் பழகிக்கிருவாரு" என்றார். அவள் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கைகளைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். பூத்தட்டு மூடியபடியே பேரையூருக்குத் திரும்பிப் போனது. பிறகு பதிலே வரவில்லை.

அவள் அம்மா இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுவும் நியாயம்தானோ என்று தோன்றும். அடுத்த வாரம் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தவளிடம், என்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை, தான் சொல்வதற்காகத் தன் வீட்டில் எல்லாரும் காத்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்றாள். சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் குழம்புகிறேன். புரியாததைப் புரிந்தது போலத் தலையாட்டுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.