ஒரு பிடி மண் தர மறுத்தவர்

இருளாண்டி மகன் மலையாண்டி, பிறப்பு 1954, ஊர் அபிராமத்துக்குத் தெற்கே நெட்டேந்தல். சொத்து, கண்மாய்க்கரைக்கும் அய்யனார் கோயிலுக்கும் நடுவே ஒன்றேகால் ஏக்கர் கரிசல். அறுபத்தைந்து வயதுவரை அவரும் மற்றவர்களைப் போலவே அந்த நிலத்தை உழுதார், விதைத்தார், மழை பொய்த்தால் திட்டினார். தனியாக எழுதிவைக்க ஒன்றும் இல்லை.

2019 ஏப்ரலில் வேளாண்மை அலுவலர் ஜெயப்பிரியா மண் மாதிரி எடுக்க வந்தார். நான்கு மூலையிலும் நடுவிலும் குழி வெட்டி, மண்ணை ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டிக்கொண்டார். புறப்படும்போது, மேல்மண் ஓர் அங்குலம் உண்டாக ஐந்நூறு ஆண்டுகள்கூட ஆகலாம் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். மலையாண்டி பையைப் பார்த்தார்.

"அப்ப அதுல எம்புட்டு இருக்கு?"

"அரைக் கிலோங்கய்யா."

"நான் வருசத்தைக் கேட்டேன்."

சில வாரங்களில் சோதனை முடிவு அட்டையாக வந்தது. மீதி மண் வரவில்லை. மலையாண்டி இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார். ஆய்வுக்கூடத்தில் மூன்று பைகளை முகர்ந்து பார்த்து, தம்முடையதை அடையாளம் கண்டு வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் நடத்துநர், "மடியில என்னய்யா?" என்று கேட்டார். "வயலு," என்றார் மலையாண்டி. நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

அன்றுமுதல் அந்த வயலிலிருந்து மண் வெளியேறுவது நின்றது. வரப்பை உயர்த்தி வெட்டிவேர் நட்டார். மிளகாய்ச் செடியின் தட்டையை எரிக்காமல் ஆடிக் காற்றுக்கு எதிராகப் பரப்பினார். இவற்றை எவரும் குறை சொல்லவில்லை. ஆனால், வரப்பில் ஒரு தென்னந்தும்புத் தூரிகையையும் தொங்கவிட்டார். வயலில் இறங்கியவர் எவராயினும் பாதத்தைத் தேய்த்து, ஒட்டிய மண்ணை உள்ளே உதிர்த்துவிட்டே கரையேற வேண்டும். உழவு ஓட்ட வரும் நவ்ஷாத் டிராக்டர் சக்கரத்தைச் சுரண்டுவதற்கென்றே ஒரு தோசைக்கரண்டி வைத்திருந்தார். ஆடுகளுக்கும் விலக்கில்லை.

அவர் மனைவி பஞ்சம்மாள் குழாயடியில் சொன்னார்: "கல்யாணமான நாள்லருந்து இந்த மனுசன் என் காலைப் பாத்ததில்ல. இப்பத் தினமும் பாக்குறாரு."

2024 வைகாசியில் சிக்கல் வந்தது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடத்துவதென்று ஊர் முடிவு செய்தது. புரவியெடுப்புக்கு முதற்படி பிடிமண். வயற்காரர் தம் கையால் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுப்பார். மண்பாண்டம் செய்யும் வேளார் அதைக் கண்மாய்க் களிமண்ணோடு பிசைந்து குதிரை செய்து சூளையில் சுடுவார். பிடிமண் இல்லையேல் குதிரை இல்லை, திருவிழாவும் இல்லை. கோயிலை ஒட்டிய வயல் என்பதால் அந்தப் பிடியை மலையாண்டி வீட்டார் கொடுப்பது வழக்கம்.

ஊர்த் தலைவரான அம்பலம் உக்கிரபாண்டி வெற்றிலைத் தட்டுடன் வந்தார். கூடவே தர்மராஜ் வேளார். தூரிகையை நினைத்து இருவரும் வரப்பிலேயே நின்றுகொண்டார்கள்.

"ஒரு பிடிதானண்ணே," என்றார் அம்பலம்.

"போன மண்ணு திரும்பி வருமா?"

வேளார் பொய் சொல்லிப் பழகாதவர். "சூளையில வெந்தது மறுபடி மண்ணாகாதுண்ணே. ஓடாத்தான் கிடக்கும்."

அம்பலம் வேளாரைத் திரும்பிப் பார்த்தார். பார்வை நன்றாக இல்லை.

"கேட்டீகளா?" என்றார் மலையாண்டி. "ஆடு கேளுங்க, தாரேன். ஆடு செத்தா இன்னொரு ஆடு குட்டி போடும். இது குட்டி போடாது."

தட்டு திரும்பிப் போனது. மறுநாள் குழாயடியில் பஞ்சம்மாளுக்கு யாரும் இடம் விடவில்லை. அதற்கடுத்த நாள், மழை வராவிட்டால் யார் பொறுப்பு என்பதில் ஊருக்குள் ஐயமே இருக்கவில்லை. மலையாண்டி சாமியை மறுப்பவர் அல்லர். கோயிலைக் கடக்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அய்யனார் முகத்தைப் பார்க்காமல் போனார். கேட்டால் கொடுக்க வேண்டிய இடம் அது என்பது அவருக்குத் தெரியும். கொடுத்தால் திரும்பாது என்பதும் தெரியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள்.

"முடிவாச் சொல்லுங்க," என்றார் அம்பலம். "ஒரு பிடி மண்ணுக்கா இம்புட்டு?"

"ஒரு பிடிதானே, அம்பலம்? உங்களுக்குப் பதினாலு ஏக்கர் கிடக்கு. அங்கன எடுங்களேன்."

"வேற வயல்ல எடுத்தாலும் தப்பில்ல," என்றார் வேளார்.

அம்பலம் தொண்டையைச் செருமினார். "எடுக்கலாம். ஆனா இப்பத்தான் ஆட்டுக்கிடை போட்டிருக்கேன். நல்ல புழுக்கை விழுந்த மண்ணு. அதப் போயி..."

அவரே கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சரி, இருளம்மா, நீ கொடு."

இருளம்மாளின் நிலம் ஊரிலேயே உசத்தி என்று அவரே சொல்லிக்கொள்வது வழக்கம். "என்னது வெறும் உவருண்ணே. சாமிக்கு உப்பு மண்ணா கொடுக்குறது?"

"போன வாரந்தான் பொன்னு வெளையுற பூமின்ன," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது போன வாரம்."

இப்படியே வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் கோடை உழவு ஓட்டி ஆறப்போட்டிருந்தார். ஒருவர் அண்ணனைக் கேட்க வேண்டும் என்றார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தம்பியைக் கேட்க வேண்டியிருந்தது. காலையில் தூரிகையைச் சொல்லிச் சிரித்தவர்கள், கூட்டம் முடிவதற்குள் தத்தம் வயலிருக்கும் திசையைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாற்பது குடும்பத்தில் ஒரு பிடி மண் தேறவில்லை.

மலையாண்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"தட்டை எடுங்க அம்பலம்."

"என்னண்ணே?"

"எல்லாருக்கும் அருமை தெரிஞ்சுபோச்சு. இனிமே கொடுக்கலாம்."

ஊரே வரப்பில் நின்றது. மலையாண்டி வயலில் துண்டை விரித்தார். ஈரத்தில் மண் ஒட்டிக்கொள்ளும் என்று கையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டார். முன்பொரு முறை கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கியதால், அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் பாதிதான் உண்டு. அந்தக் கையால் ஒரு பிடி அள்ளி, சிந்தியதைத் துண்டோடு வயலில் கொட்டிவிட்டு, மீந்ததைத் தட்டில் வைத்தார்.

வேளார் குனிந்து பார்த்தார். "இது பிடியாண்ணே, சிட்டிகையா?"

"என் கைக்கு இதான் பிடி."

வேளார் தட்டை எடுத்துக்கொண்டார். இன்னொரு கையைத் தேடப் போனால் யார் கையில் முடியும் என்று எல்லோருக்கும் பயம்.

ஆனி மாதம் புரவியெடுப்பு குறைவின்றி நடந்தது. கொடுத்த மண் முழுவதும் பெரிய குதிரையின் வலது முன்னங்காலில் இருப்பதாக வேளார் சத்தியம் செய்து கொடுத்தார். அந்தக் குதிரை இப்போது கோயிலில், மலையாண்டி வயலைப் பார்த்தபடி நிற்கிறது. அதன்பின் வெள்ளிதோறும் மலையாண்டி போய் அந்தக் காலை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மற்ற மூன்று கால்களும் கண்மாய் மண் என்பதால் அவருக்கு அவற்றில் அக்கறை இல்லை.

அடுத்த ஆண்டு ஆடிக் காற்று கடுமையாக அடித்தது. தட்டை பரப்பியும் வெட்டிவேர் நட்டும் கொஞ்சம் புழுதி கிளம்பத்தான் செய்தது. 2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, ஆடியின் கடைசி நாள் காலை ஏழு மணிக்கு மலையாண்டி ஒரு வெள்ளைத் துணியுடன் கோயிலுக்குப் போனார். குதிரையின் முகம், கழுத்து, நான்கு கால்கள் என்று எங்கும் படிந்திருந்த கரிசல் புழுதியைத் துடைத்தெடுத்தார். துணியை நான்காக மடித்து வயலுக்குக் கொண்டுபோய், நடுவில் நின்று உதறினார்.