தலையாட்டும் மனிதரும் வல்லாரைத் துவையலும்

போன ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் நின்றபடி நல்லூரில் இருக்கும் என் தங்கையிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். யாரைப் பற்றி? வேறு யார்... வீட்டுக்காரரைப் பற்றித்தான்!

"எல்லாம் காதுல வுழுது. நான் ஹால்லதான் இருக்கேன்" என்று குரல் வந்தது.

மாட்டிக்கொண்டேன். ஆனால் வந்த சந்தோஷம் இருக்கிறதே... ஓடிப்போய் சாமிக்கு ஒரு விளக்கு ஏற்றினேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சில மாதங்களுக்கு முன்புவரை இவருக்கு மறதி நோய் வந்துவிட்டது என்றே பயந்து கிடந்தேன். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் தலையாட்டுவார், வெறுங்கையோடு வருவார். தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று சொன்னபோதும் தலையாட்டினார். அன்று காலையில், "எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்கிறார்! இவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் கட்டிய மனைவியையே யாரென்று கேட்டவர். இவரும் ஒருநாள் என்னை அப்படிக் கேட்டுவிடுவாரோ? அந்த நினைப்பிலேயே பாதி உயிர் போனது.

சும்மா இருப்பேனா? தினமும் வல்லாரைத் துவையல். உப்பைக் குறைத்தேன், வடையை நிறுத்தினேன், காலையில் பழமலைநாதர் கோயில் பக்கம் வாக்கிங் அனுப்பினேன். பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறதி மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எதிரே உட்கார்ந்து அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் இவர் டாண் டாண் என்று பதில் சொன்னார். பிறகு அந்த அம்மா எழுந்து இவர் முதுகுப் பக்கம் போய், "சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞாபகம் நல்லாதாம்மா இருக்குது. நீங்க சொல்றது உள்ள போனாத்தானே நிக்கும்?"

விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இவர் ரிட்டயர் ஆகும்வரை களிமண் அரைக்கும் மில்லுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவார்கள். மீதியைக் கை ஜாடையில் புரிந்துகொள்வார்கள். அந்தத் தலையாட்டல் வீடுவரைக்கும் வந்துவிட்டது. காது மந்தமானது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை! டீக்கடைப் பேச்சு பிடிபடாமல் சிநேகிதர்களிடமிருந்தும் ஒதுங்கியிருக்கிறார்.

"இப்பிடி ஒதுங்கி உக்காந்துட்டா, பின்னாடி நெஜமாவே மறதி வர வாய்ப்பு ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா. வாக்கிங்கும் உப்புக் குறைப்பும் நல்லதுதான், தொடரட்டும் என்றார். கூடவே காதுக்கு மெஷின், நாலு பேரோடு பேச்சு.

மெஷினை மாட்டிக்கொண்டு திரும்பும்போது, பஸ் கிளம்பக் காத்திருந்தோம். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இவ்ளோ மெதுவாவா பேசுவ?"

"ஏங்க?"

"ரொம்ப வருஷமா கத்திக் கத்தியே பேசுறியா... எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அந்த டாக்டரம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பிறகு, முன் சீட்டுக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னேன் —

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

அவருக்குக் கேட்டது.